அம்மா ஜாடை

பிப்ரவரி 3

தம்பி,

மூன்று வருஷம் கழித்து எழுதுகிறேன். உறையைப் பார்த்ததும் யாரோ போய்விட்டார்கள் என்று பதறாதே. போவதற்கு இங்கே பாக்கி இருப்பது நான் ஒருத்திதான், நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். போனில் பேசியிருக்கலாமே என்பாய். போன் என்றால் பாதியில் வைத்துவிடுவாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். நீ படித்துவிட்டுத்தான் கிழிப்பாய், உன்னை எனக்குத் தெரியும்.

கோபத்தை முதலில் இறக்கி வைத்துவிடுகிறேன், அப்புறம் விஷயத்துக்கு வருகிறேன். அப்பா போன பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? உள்ளே ஒரு கட்டு டைப் அடித்த தாள்கள். அம்மா வக்கீல் ஆபீசில் அடித்துத் தப்பாகப் போன பக்கங்கள். ஒரே பத்தி இரண்டு தடவை, சிலதில் மூன்று தடவை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் அப்பா திருத்தி அடித்துக் கொடுத்த பக்கத்தின் நகல், தேதியோடு. பகலெல்லாம் பஸ் ஓட்டிவிட்டு வந்து ஒற்றை விரலால் அடித்திருக்கிறார். அந்தத் தேதிகள், அம்மாவுக்கு வியாதி என்று டாக்டர் சொன்ன நாளுக்கு முழுசாக மூன்று வருஷம் முந்தியவை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போல மறைத்திருக்கிறார். அதை நான் சொன்னதும் உனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "அப்பாவ ஒண்ணும் சொல்லாதே. நாளைக்கு உனக்கு வரும்போது, உன்னையும் யாராவது இப்படி மூடி வெச்சுப் பாத்துக்கிட்டாத்தான் உண்டு" என்றாய். அன்றைக்கு நான் உன்னை வீட்டை விட்டுப் போகச் சொன்னேன்.

யோசித்துப் பார்த்தால் எல்லாரும் மனசுக்குள் வைத்திருந்ததைத்தான் நீ வாய்விட்டுச் சொன்னாய். எனக்கு அம்மா ஜாடை. மூக்கு, நடை, இடது கைப் பழக்கம் வரைக்கும் அம்மாவை அப்படியே உரித்து வைத்தது. அதனால்தானே அப்பா எனக்குக் 'கார்பன்' என்று பேர் வைத்தார். டைப்ரைட்டரில் இரண்டு தாளுக்கு நடுவே அம்மா வைப்பாளே, அந்தக் கறுப்புத் தாள். வியாதி என்று தெரிந்த நாளிலிருந்து அந்தப் பேரை யாரும் கூப்பிடவில்லை. உனக்கு அப்பா ஜாடை. நீ தப்பித்தவன். இது நம் வீட்டுச் சட்டம்.

விஷயம் இதுதான். இங்குள்ள பெரிய ஆஸ்பத்திரியில், குடும்ப வழியில் சின்ன வயதிலேயே வருகிற அல்சைமருக்கு, அதாவது அம்மாவுக்கு வந்த மறதி வியாதிக்கு, ஓர் ஆய்வு நடக்கிறது. அம்மாவின் கடைசி வருஷத்தில் டாக்டர் ஒரு குழாய் ரத்தம் எடுத்து வைத்தார், நான்தான் கையெழுத்துப் போட்டேன். அதில் கோளாறு எந்த மரபணுவில் என்று இப்போது கண்டுபிடித்து, என்னைத் தேடிப் பிடித்து எழுதியிருக்கிறார்கள். அது எனக்கும் வந்திருக்கிறதா என்று ரத்தத்தில் பார்ப்பார்கள். அப்புறம் மூளையைப் படம் எடுப்பார்கள். இந்த வியாதியில் மூளைக்குள் ஒரு புரதம் கசடாகப் படிகிறதாம். மறதி தொடங்குவதற்குப் பதினைந்து வருஷம் முன்னாலேயே அது படத்தில் தெரியுமாம். அம்மாவுக்குத் தடுமாற்றம் தொடங்கியது நாற்பத்து நாலு வயதில். எனக்கு இப்போது நாற்பத்தைந்து. நான் போகிறேன், அது முடிவாகிவிட்டது.

உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று. ஆய்வில் சேருகிறவரை நன்றாக அறிந்த இன்னொருவர் வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை நர்ஸ் அவரைத் தனியாகப் போனில் பிடித்து, இவர் சொன்னதையே சொல்கிறாரா, வழி தவறுகிறாரா என்று பதினோரு கேள்வி கேட்பார். அதற்கு அவர்கள் நீளமாக ஏதோ பேர் வைத்திருக்கிறார்கள், நான் சாட்சி என்கிறேன். எனக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. யூனிபார்ம் கம்பெனியில் நான் துணி வெட்டிக் கொடுக்க, பன்னிரண்டு பேர் தைக்கிறார்கள். அவர்களுக்கு என் கத்திரிக்கோலைத் தெரியும், என்னைத் தெரியாது. உன்னை விட்டால் எனக்கு ஆள் கிடையாது.

ஏப்ரலில் நாலு நாள் வந்து தங்கு. என்னைப் பார். பார்த்ததை உள்ளபடி சொல்.

அக்கா


பிப்ரவரி 21

அக்கா,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

அன்றைக்கு அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. மூன்று வருஷமாகத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. மன்னித்துவிடு என்று எழுதினால் நீ சிரிப்பாய், எழுதாவிட்டால் திட்டுவாய். எழுதிவிட்டேன்.

ஆனால் இந்த ஆய்வு வேண்டாம். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொள்கிற வேலை இது. இருக்கிறது என்று சொன்னால் மட்டும் என்ன செய்யப் போகிறார்கள்? மாத்திரை இருக்கிறதா? அம்மாவுக்கு மூன்று வருஷம் முன்னால் தெரிந்திருந்தால் மூன்று வருஷம் முன்னாலேயே அழுதிருப்போம், அவ்வளவுதான். தெரியாமல் கழிகிற ஒவ்வொரு நாளும் லாபம் என்று நான் நினைக்கிறேன். நீ பாட்டுக்கு வேலைக்குப் போ, சாப்பிடு, தூங்கு. வரும்போது நான் இருக்கிறேன்.

எனக்கு இங்கே நாற்பது லிப்டைப் பார்த்துக்கொள்கிற வேலை. ஏப்ரலில் வருஷாந்திரச் சோதனை வேறு, லீவு கேட்டால் மேனேஜர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். உன் கடிதத்தை வீட்டில் அவளும் படித்தாள். மருந்துக் கடையில் வேலை செய்கிறவள், அவளுக்கு டாக்டர் சொல்வதெல்லாம் வேதம். "போயிட்டு வாங்க, அக்கா ஒண்ணு கேட்டு எத்தனை வருஷமாச்சு" என்கிறாள். உன் கட்சிதான். மகளுக்கு எட்டு வயது முடிந்துவிட்டது, அத்தை எப்போது வருவாள் என்று கேட்கிறாள்.

நான் வரவில்லை. தப்பாக நினைக்காதே.

தம்பி


மார்ச் 2

தம்பி,

நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கம்பிக் கயிற்றுத் துண்டைக் கொண்டுவந்து காட்டினாய். லிப்டைத் தாங்குகிற கயிறு. வெளியே பார்த்தால் பளபளவென்று இருந்தது. நீ அதை வளைத்தாய், உள்ளே ஏழெட்டு இழை அறுந்திருந்தது. அப்போது உனக்கு இருபது வயது, மீசை கூட ஒழுங்காக வரவில்லை. பெரிய மனுஷன் மாதிரி சொன்னாய்: "லிப்ட் நல்லாத்தான் ஓடும் அக்கா. ஓடும்போதே இதப் பாக்கிறவன் மெக்கானிக். அறுந்தப்புறம் வர்றவன் போலீஸ்காரன்."

நான் மெக்கானிக்கைக் கேட்கிறேன். நீ போலீஸ்காரனாக வருகிறேன் என்கிறாய்.

மாத்திரை இருக்கிறதா என்று கேட்டாய். இல்லை. தேடுகிறார்கள். எப்போது படிய ஆரம்பிக்கிறது, எவ்வளவு வேகம் என்று தெரிந்தால்தான் எந்த வயதில் மருந்து கொடுப்பது என்று தெரியுமாம். அதற்கு இன்னும் நன்றாக இருக்கிற தலைகள் வேண்டும். என் தலை இன்னும் நன்றாக இருக்கிறது, கொடுக்கிறேன். பதினெட்டு வயதிலிருந்து இருபத்தேழு வயது வரைக்கும் அம்மாவுக்குத் தலை வாரிவிட்டு, வாயில் ஊட்டி, கதவைப் பூட்டி வைத்தவள் நான். நீ பத்தொன்பது வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாய். அதை நான் இதுவரை சொல்லிக் காட்டியதில்லை. இப்போது சொல்லிக் காட்டுகிறேன்.

ஏப்ரல் பத்தாம் தேதி. உன் மேனேஜர் முகத்தை எவ்வளவு உயரம் தூக்கினாலும் சரி.

அக்கா


ஏப்ரல் 24

அக்கா,

ஊர் வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த சாப்பாட்டை வழியிலேயே முடித்துவிட்டேன்.

நேற்று நர்ஸ் பேசினார். உள்ளபடி சொல்வேன் என்று உன் மேஜைமேல் கையடித்துச் சத்தியம் செய்தேன் அல்லவா, அதனால் சொன்னேன். பதினோரு கேள்வியில் ஏழுக்கு 'ஆமாம்' என்றேன்.

உன்னிடம் மறைக்க மனசு வரவில்லை, எழுதிவிடுகிறேன். நாலு நாளில் நாலு தடவை என்னை அப்பா பேர் சொல்லிக் கூப்பிட்டாய். பள்ளிக்கூடத்துக்காரர் கால்சட்டை அளவு மாற்றிய கதையை இரண்டு தடவை சொன்னாய். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடினாய். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் நின்றாய். கடைக்குப் போய்த் திரும்பும்போது தெருமுனையில் நின்று அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தாய். அம்மா அப்படித்தான் நிற்பாள். நர்ஸ் "இதெல்லாம் போன வருஷத்தைவிட அதிகமா?" என்று கேட்டார். மூன்று வருஷமாக உன்னைப் பார்க்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆமாம் என்றேன்.

மாடி அறையில் என் சாமான்களைக் காலி செய்ய ஆரம்பித்துவிட்டேன். வெயில் வராத அறை. உனக்கு ஒத்துக்கொள்ளும். அப்பா மாதிரி மறைக்க மாட்டேன், பார்த்துக்கொள்வேன்.

தம்பி


மே 9

அட அறிவுக்கொழுந்தே,

உன்னை நான் அப்பா பேர் சொல்லிக் கூப்பிடுவது உனக்கு ஐந்து வயதிலிருந்து. அந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு வேறு எப்படிக் கூப்பிடுவது? கால்சட்டைக் கதையை இரண்டாவது தடவை ஏன் சொன்னேன் என்றால், முதல் தடவை நீ கேட்கவில்லை, போனை நோண்டிக்கொண்டிருந்தாய். கண்ணாடி தலைமேல் இருந்ததை எடுத்துக் கொடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாய், உன்னை என்ன சொல்ல. பால் பொங்கியது உண்மை. தெருமுனையில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தது வண்டி வருகிறதா என்று.

உன்மேல் கோபம் ஒன்றும் இல்லை. ஒன்றை மட்டும் தெரிந்துகொள். அந்த நாலு நாளும் நீ என்னைப் பார்க்கவில்லை, என் முகத்தில் அம்மாவைத் தேடினாய். உன்னைக் குறை சொல்லவில்லை, நானும் கண்ணாடியில் அதைத்தான் தேடுகிறேன்.

போன வாரம் படம் எடுத்தார்கள். முதல் நாள் எம்.ஆர்.ஐ., அடுத்த நாள் பெட் ஸ்கேன். பெட் ஸ்கேனுக்குக் கையில் ஒரு மருந்து ஏற்றுகிறார்கள். அந்த மருந்து போய் மூளையில் கசடு இருக்கிற இடத்தில் ஒட்டிக்கொள்ளும், ஒட்டிய இடம் படத்தில் பிரகாசமாகத் தெரியும். அதைக் காலையில் செய்து வண்டியில் அனுப்புவார்களாம். இரண்டு மணி நேரத்துக்குள் அதன் வீரியம் பாதியாகிவிடும். அன்றைக்கு வண்டி தாமதம், எல்லாரும் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், எனக்கு முகூர்த்த நேரம் தவறுகிற கல்யாணப்பெண் மாதிரி இருந்தது. ஏற்றிய பிறகு முக்கால் மணி நேரம் சும்மா உட்காரச் சொன்னார்கள். அப்புறம் குறுகலான படுக்கை. தலையை அசையாமல் ஒரு பட்டையால் கட்டினார்கள். அசைந்தால் படம் கலங்கிவிடும் என்று ஸ்கேன் எடுக்கிற பெண் சொன்னாள். இருபது நிமிஷம். நான் மனசுக்குள் ஒன்பதாம் வகுப்புச் சட்டைக்குத் துணியில் வெட்டு அளவு போட்டேன். முன்பக்கம், முதுகு, கை, காலர், பாக்கெட். ஒரு சாண் துணி கூட வீணாகாமல் அடுக்கி முடித்தேன், படம் முடிந்துவிட்டது.

வெளியே வந்ததும் அந்தப் பெண்ணிடம், "ஏதாவது தெரிஞ்சுதா?" என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். முடிவு வேண்டுமா என்று டாக்டர் தனியாக உட்கார வைத்துக் கேட்டார். வேண்டாம் என்றாலும் ஆய்வில் இருக்கலாமாம். முழுசாகச் சொல்லுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நர்சுக்குப் போன் போட்டு, மூன்று வருஷம் நாம் பேசவில்லை என்ற உண்மையை நீயே சொல்லிவிடு. சாட்சி கெட்டால் ஆய்வும் கெடும்.

அக்கா


ஜூலை 14

தம்பி,

உட்கார்ந்து படி.

எனக்கு இல்லை. மரபணு இல்லை, மூளையில் கசடும் இல்லை. டாக்டர் திரையில் படத்தைக் காட்டினார். கசடு இருந்தால் சிவப்பும் மஞ்சளுமாக எரியும், எனக்கு அப்படி எதுவும் இல்லை. இனியும் அம்மாவின் வியாதி எனக்கு வராது. நான் இரண்டு தடவை கேட்டேன். "பேர் மாறிப் போச்சா பாருங்க டாக்டர்" என்று கூடக் கேட்டேன். அவர் பொறுமையாக என் நம்பரை வாசித்துக் காட்டினார்.

நான் சந்தோஷப்படுவேன் என்று நீ நினைப்பாய். பஸ்சில் வரும்போது எனக்கு வந்தது ஆத்திரம். இருபத்தாறு வயதில் கணக்கு வாத்தியார் ஒருவர் என்னைக் கேட்டு வந்தார், உனக்குத் தெரியாது, நீ அப்போது ஊரில் இல்லை. நல்ல மனுஷன். சிரிக்கும்போது கண் மூடிப்போகும். அம்மா உள் அறையில் இருந்தாள். அவளைக் காட்டி, "இன்னும் இருபது வருஷத்துல நான் இதுதான், போங்க" என்று சொன்னேன். அவர் மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் விரட்டினேன். எதை வைத்துச் சொன்னேன்? மூக்கை வைத்து. இடது கையை வைத்து. தம்பி, பத்தொன்பது வருஷம் ஒரு மூக்குக்காகப் போய்விட்டது. நேற்று முழுக்க வெட்டு மேஜையில் நின்று அழுதேன். தையல் பெண்கள் பயந்துபோய் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

இன்றைக்குக் கண்ணைத் துடைத்துவிட்டு எழுதுகிறேன், ஏனென்றால் இதற்குமேல்தான் முக்கியம். டாக்டரிடம், என் தம்பிக்கு அப்பா ஜாடை, அவனுக்குக் கவலை இல்லையே என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஜாடைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையாம். முகம் ஒரு வழியில் வரும், இது வேறு வழியில் வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகப் பாதிக்குப் பாதி. எனக்கு இல்லை என்பதால் உனக்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

உனக்கு நாற்பத்தொன்று. உங்கள் ஊரிலும் இந்த ஆய்வுக்கு ஓர் இடம் இருக்கிறது. விலாசம் பின்பக்கத்தில் இருக்கிறது.

அக்கா


ஆகஸ்ட் 3

அக்கா,

உனக்கு இல்லை என்று படித்ததும் வீட்டில் அவள் கத்தியே விட்டாள், பக்கத்து வீட்டார் என்னவோ ஏதோ என்று வந்துவிட்டார்கள். எனக்கும் சந்தோஷம். நிஜமாகச் சந்தோஷம்.

கணக்கு வாத்தியார் விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. அதை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் அதோடு விடு. உன் கண்டம் தாண்டியது, கடவுள் புண்ணியம். என்னை ஏன் இழுக்கிறாய்? எனக்குக் குடும்பம் இருக்கிறது. நான் போய் அந்த மெஷினில் படுத்தால் அது என் ஒருவன் தலையை மட்டும் பார்க்காது. உனக்குச் சொன்னால் புரியாது. பின்பக்கத்து விலாசத்தைக் கத்தரித்து எறிந்துவிட்டேன்.

தம்பி


செப்டம்பர் 10

தம்பி,

பிள்ளை பெறாதவளுக்குப் புரியாது என்கிறாய். சரி, அதற்குக் காரணம் அந்த மூக்கு என்று தெரிந்த பிறகும் சொல்கிறாய்.

விலாசத்தைத் திரும்பவும் எழுதியிருக்கிறேன், இந்தத் தடவை முன்பக்கத்திலேயே. கத்தரித்தால் என் கையெழுத்தும் சேர்ந்து போகும். வியாதி இல்லாதவர்களும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதால் நான் வருஷா வருஷம் போய்ப் படுக்கப் போகிறேன். எனக்கு ஒன்றும் இல்லை, ஆனாலும் போகிறேன். உனக்காகத்தான்.

இனி நீ எழுதும் வரை நான் எழுத மாட்டேன்.

அக்கா


ஜனவரி 18

அக்கா,

நாலு மாதம் உன்னைக் காக்க வைத்துவிட்டேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். என் மகளுக்கு அத்தை ஜாடை. பிறந்த அன்றைக்கே பார்த்தேன், துணியை விலக்கினால் உன் மூக்கு. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், நான் வெளியே போய்விட்டேன். அவளுடைய போட்டோவை உனக்கு ஏன் ஒன்று கூட அனுப்பவில்லை, அப்பா காரியத்துக்குக் கூட அவளை ஏன் கூட்டி வரவில்லை என்று இப்போது தெரிந்திருக்கும். நாலு வயதில் இடது கையால் பென்சிலைப் பிடித்தாள். அந்தக் கையில் அடித்தேன். ஒரே ஒரு அடி. குழந்தைக்கு ஏன் என்று தெரியவில்லை, அவள் அம்மாவுக்கும் தெரியவில்லை, அன்றைக்கு அவள் அம்மா என்னோடு பேசவில்லை. இப்போதும் மகள் எதையாவது மறந்துவிட்டு வந்தால் என் நெஞ்சு நின்று போகும். பள்ளிக்கூடப் பையை மறக்காத குழந்தை உலகத்தில் உண்டா?

ஜாடைக்குச் சம்பந்தம் இல்லை என்று நீ எழுதியதைப் படித்ததும் முதலில் அப்பாடா என்று இருந்தது. அவளுக்கு மூக்கு எப்படி இருந்தால் என்ன. அப்புறம் ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. அவளுக்கு வருவதென்றால் என் வழியாகத்தானே வர வேண்டும்? எனக்கு இல்லை என்றால் அவளுக்கு இல்லவே இல்லை. எனக்கு இருந்தால்? அதனால்தான் உன்மேல் எரிந்து விழுந்தேன்.

நவம்பரில் ஒரு ஆறு மாடிக் கட்டடம். கயிற்றில் இழைகள் அறுந்திருந்தன, மாற்ற வேண்டும் என்று லிப்டை நிறுத்திவிட்டேன். சொந்தக்காரர் என் சட்டையைப் பிடிக்காத குறை. "நல்லாத்தானே ஓடுது, எதுக்கு நோண்டறே?" என்றார். நான் வாயைத் திறந்தேன், என் பதில் எனக்கே கேட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து உன் முன்பக்கத்து விலாசத்தை எடுத்தேன்.

அக்கா, எனக்கு இருக்கிறது.

மரபணு இருக்கிறது. படத்திலும் ஆரம்பித்திருக்கிறது. உன் படத்தில் இல்லாத சிவப்பு என் படத்தில் இரண்டு மூன்று இடத்தில் இருக்கிறது. ஞாபகச் சோதனை எல்லாம் சரியாகச் செய்தேன், இன்னும் ஒரு குறையும் இல்லை என்றார்கள். டாக்டர் இதைச் சொல்லும்போது நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த என் பெண்டாட்டிதான், "சரி டாக்டர், அடுத்தது என்ன?" என்று கேட்டாள். அந்தக் குரலில்தான் என் முதுகு நிமிர்ந்தது.

அடுத்தது ஊசி. கசடைக் கரைக்க ஒரு புது மருந்தைச் சோதிக்கிறார்கள், அறிகுறி வராதவர்களுக்கு மட்டும். நாலு வாரத்துக்கு ஒரு தடவை. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் தண்ணீர். எனக்கு எது என்று எனக்கும் தெரியாது, போடுகிற நர்சுக்கும் தெரியாது. அடிக்கடி படம் எடுத்துப் பார்ப்பார்கள். மாத்திரை இருக்கிறதா என்று நான் உனக்கு எழுதினேனே, என் மகள் வளர்ந்து கேட்கும்போது இருக்கட்டும் என்று போய்ச் சேர்ந்துவிட்டேன். இன்னொன்றும் செய்தேன். மகளுக்கு இடது கைக் கத்திரிக்கோல் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள், அப்புறம் வீட்டில் இருக்கிற காகிதத்தை எல்லாம் வெட்டித் தள்ளிவிட்டாள்.

இப்போது என் முறை. எனக்குச் சாட்சி வேண்டும். பெண்டாட்டியைக் கேட்கலாம், ஆனால் அவள் என்மேல் உள்ள பாசத்தில் அப்பா செய்ததைச் செய்துவிடுவாள். நீ செய்ய மாட்டாய். அப்பாவை நான் திட்டவில்லை, இப்போதும் திட்ட மாட்டேன். ஆனால் அவர் திருத்தி அடித்தது காகிதம். நான் லிப்ட் குழிக்குள் இறங்குகிறவன். என் கையெழுத்தை நம்பி ஒரு கட்டடம் முழுக்க ஜனங்கள் மேலே போகிறார்கள். நான் போடுகிற ஒரு போல்ட் தப்பாகிற முதல் நாளே நான் வேலையை விட வேண்டும். அன்றைக்கு எனக்கே தெரியாது, அதுதான் இந்த வியாதி. நீ பார்த்த அன்றே என்னிடம் சொல். நான் இல்லை என்பேன், கத்துவேன், உன்னை வீட்டை விட்டுப் போகச் சொல்வேன். அப்போதும் சொல்.

எனக்கு அப்பா முகம். அதை நம்பிவிடாதே. என்னைப் பார்.

தம்பி


ஜனவரி 29

தம்பி,

உன் கடிதத்தை மூன்று நாள் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். என் பங்கு உனக்குப் போய்விட்டதோ என்று ஒரு பைத்தியக்கார எண்ணம். டாக்டர் சொன்னதை நானே எனக்கு வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன்: தனித்தனியாக, ஒவ்வொருவருக்கும். அழுகை வந்தது, அழுதேன். அழுது முடிந்தது.

நேற்று உங்கள் ஊர் நர்ஸ் கூப்பிட்டார். பதினோரு கேள்வி. உன்னை ஏப்ரலில் நாலு நாள்தான் பார்த்தேன், மற்றதெல்லாம் கடிதத்தில்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். சொன்னதையே சொல்கிறாரா? இல்லை. வழி தவறுகிறாரா? இல்லை. பொருட்களைத் தொலைக்கிறாரா? விலாசத்தை மட்டும், வேண்டுமென்றே. எரிச்சல் அதிகமாகியிருக்கிறதா என்று கேட்டார். பிறவிக் குணம், கூடவும் இல்லை குறையவும் இல்லை என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

நாலு நாள் பார்த்துச் சொல்கிற சாட்சி எதற்கும் உதவாது, அதை நீயே நிரூபித்துவிட்டாய். அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருவேன், பத்து நாள் தங்குவேன். கம்பெனியில் சொல்லிவிட்டேன், நான் இல்லாதபோது வெட்டுவதற்கு ஒருத்தியைப் பழக்குகிறேன். எனக்காக மாடி அறையைக் காலி செய்தாயே, அதில் மறுபடி சாமானைப் போட்டு அடைக்காதே. வெயில் வராத அறையாமே, என் மருமகளுக்கு வெட்டக் கற்றுக்கொடுக்க வெளிச்சம் வேண்டும், ஒரு விளக்கு போட்டு வை. அவளுடைய போட்டோவை உடனே அனுப்பு. எட்டு வருஷத்துப் போட்டோவும் வேண்டும்.

இனி நீ கேட்டதற்குப் பதில்.

நான் பார்ப்பேன். அப்பா முகத்தைப் பார்க்க மாட்டேன், அம்மாவையும் தேட மாட்டேன், உன்னைப் பார்ப்பேன். முதல் தப்பைக் காணும் அன்றே உன்னிடம் சொல்வேன், உன் பெண்டாட்டியிடம் சொல்வேன், நர்சிடம் சொல்வேன். நீ லிப்ட் குழியில் இறங்கக் கூடாது என்று உன் மேனேஜரிடம் போய் நிற்பேன். நீ என்னைப் போகச் சொன்னால் போக மாட்டேன். அது வராமலேயே போனால், எண்பது வயதில் இதைப் படித்துவிட்டு இரண்டு பேரும் சிரிப்போம்.

அம்மாவின் டப்பாவில் ஒரே ஒரு கறுப்புத் தாள் மிச்சம் இருந்தது. காய்ந்து போயிருக்கும் என்று நினைத்தேன். அழுத்தி எழுதினால் விழுகிறது. அதை நடுவில் வைத்துத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன், விரல் வலிக்கிறது. மேல் தாள் உனக்கு. பத்திரமாக வை. என்றைக்காவது ஒரு நாள், நான் இப்படியெல்லாம் கேட்கவே இல்லை என்று நீ என்னிடம் சண்டைக்கு வந்தால், அடித் தாள் என்னிடம் இருக்கும்.

கார்பன்